தலவாக்கலையில் ஒரு எம்.ஜி. மிட்ஜெட்: ஏறும்போது கறுப்புப் புகை, இறங்கும்போது நீலப் புகை

தலவாக்கலை_மிட்ஜெட்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1963ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் ஒன்று இருக்கிறது. 1098 சி.சி., இரண்டு எஸ்.யூ. எச்.எஸ்.2 காபரேட்டர், பொசிட்டிவ் ஏர்த் (பெட்டரியின் பிளஸ் முனை பாடியோடு). தோட்டத்துப் பெரிய துரை (மனேஜர்) ஒருவரின் பங்களா ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்த வண்டி. அவர் வேலையை விட்டுப் போகும்போது என் மாமா வாங்கிவைத்தார். மாமாவால் இப்போது குனிந்து ஏறி உட்கார முடியவில்லை, அதனால் என் கைக்கு வந்திருக்கிறது.

பாடி வேலை கொழும்பில் நடந்தது. எஞ்சினையும் அங்கேயே ஒரு கராஜில் டியூன் பண்ணிக் கொடுத்தார்கள். காலி வீதியில் ஓட்டிப் பார்த்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. அவிசாவளையிலிருந்து ஏறி வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது. கினிகத்தேனை தாண்டியதும் இழுவை குறைந்தது. ஹட்டன் வரும்போது, மூன்றாம் கியரில் ஏறவேண்டிய இடமெல்லாம் இரண்டாம் கியர் கேட்டது. அக்சிலேட்டரை அழுத்தினால் பின்னால் கறுப்புப் புகை. வீட்டில் நிறுத்திவைத்தால் ஷெட் முழுக்கப் பெற்றோல் வாசம்.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஐட்லிங் ஒழுங்காக நிற்பதில்லை. சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் நாலைந்து தரம் குலுங்கிவிட்டுத்தான் நிற்கிறது. மூட்டமான காலையில் ஸ்டார்ட் எடுப்பது பெரும்பாடு. நுவரெலியாவிலிருந்து றம்பொடை பக்கம் கியரிலேயே இறங்கிப் போய், கீழே மறுபடி அக்சிலேட்டரை மிதித்தால் குப்பென்று நீலப் புகை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்: ஒன்றும் இரண்டும் கரிப்பானை மாதிரி இருக்கின்றன. மூன்றும் நான்கும் கடும் கபில நிறம். 92 பெற்றோல்தான் அடிக்கிறேன்.

எனக்கு வேலை தேயிலை பெக்டரியில். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் எஸ்.யூ. காபரேட்டரைத் திறந்ததில்லை. இங்கே கேட்டால் ஒருவர் காபரேட்டரை மாற்று என்கிறார், இன்னொருவர் எஞ்சினையே இறக்கு என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

கம்பளை மச்சான்

மச்சான், நேராகச் சொல்கிறேன், கோபப்படாதே. சன்னி ஏ12 எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் தேடிப் பிடித்துப் போடு. எங்கள் ஊரில் எத்தனையோ மொரிஸ் மைனர் அப்படித்தான் ஓடுகிறது. ஒரே காபரேட்டர், உதிரிப்பாகம் கிடைக்கும், எந்த பாஸுக்கும் (மெக்கானிக்குக்கும்) வேலை தெரியும். பழைய எஞ்சினைத் துடைத்து ஷெட்டில் வை, விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்கலாம். வாரக் கடைசியில் ஓட்டுவதற்கா வண்டி, கீழே படுத்துக் கிடப்பதற்கா?

பேராதனை_மெக்

எஞ்சினை இறக்குவதற்கு முதல் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் அண்ணா.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. 30 பாகை கொழும்பையும் 15 பாகை நுவரெலியாவையும் ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி சுமார் 16 சதவீதம் குறைகிறது. சக்தியும் அதே அளவு குறைந்துவிடும், எந்த மெக்கானிக்காலும் திருப்பித் தரமுடியாது. டேர்போ இல்லாத எந்த வண்டிக்கும் இதே கதிதான்.

ஆனால் கறுப்புப் புகைக்குக் காரணம் வேறு. எஸ்.யூ. காபரேட்டரில் பிஸ்டன் தானாக ஏறி இறங்கி, ஜெட்டுக்கு மேலே உள்ள உறிஞ்சலை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கும். காற்று மெலிந்தாலும் உறிஞ்சல் மாறாது, அதனால் பெற்றோல் அதே கணக்கில் வரும். காற்றின் எடை மட்டும் குறையும். கலவை அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி மாறுவதால் 16 சதவீதம் முழுவதும் கலவையில் தெரியாது. நுவரெலியாவில் ஏறத்தாழ 8 சதவீதம் ரிச் ஆகும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் கூடிவிடும். தலவாக்கலை 1200 மீற்றர் அளவில் இருப்பதால் அங்கே ஐந்து, ஆறு சதவீதம். கொழும்புக் கராஜ் அங்கே சரியாகத்தான் வைத்திருப்பார்கள். கொஞ்சம் ரிச்சாக வைத்திருந்தால், அதற்கு மேல் இந்த ஆறும் சேர்ந்திருக்கும்.

எனக்கு இடிப்பது ஒன்றுதான். உயரம் மட்டும் காரணம் என்றால் நாலு பிளக்கும் ஒரே நிறத்தில் இருக்கவேண்டும். ஒன்றும் இரண்டும் மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பு?

ஹப்புத்தளை பாஸ்

பேராதனைப் பிள்ளை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது.

தம்பி, இந்த எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், ஆனால் ஹெட்டில் காற்று உள்ளே போகும் வழி இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரே வழியைப் பங்குபோடும், மூன்றும் நான்கும் மற்றதை. முன் காபரேட்டர் முதல் இரண்டையும் ஊட்டுகிறது, பின் காபரேட்டர் கடைசி இரண்டையும். ஆகவே உங்கள் வண்டியில் இரண்டு கோளாறு ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கிறது. உயரத்தால் வந்த ரிச் நாலு சிலிண்டருக்கும் பொது. முன் காபரேட்டர் மட்டும் அளவுக்கு மீறிப் பெற்றோல் கொட்டுவது தனிக் கோளாறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திருகினால், பின் இரண்டு சிலிண்டரையும் பட்டினி போட்டுவிடுவீர்கள்.

முதல் வேலை, வண்டியை ஓட்டாமல் எண்ணெய்க் கம்பியை இழுத்து மோந்து பாருங்கள். பெற்றோல் வாசம் அடித்தால் எண்ணெயை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணவேண்டாம். அதிகப் பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். 1963 வண்டி என்றால் பெற்றோல் பம்ப் எஞ்சின் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கல் பம்ப். அதன் டயபிரம் கிழிந்தாலும் பெற்றோல் சம்புக்குத்தான் (எஞ்சினடி எண்ணெய்த் தொட்டிக்கு) போகும். மெலிந்த எண்ணெய் அந்த எஞ்சினுக்கு நஞ்சு. ஏன் என்றால், எஞ்சின் நம்பர் 10சிஜி என்று தொடங்கினால் அது 1098இன் ஆரம்பகாலப் பிளொக். மெயின் பெயரிங் ஒன்றேமுக்கால் அங்குலம்தான். 1964இல் வந்த 10சிசி பிளொக்கில் அதை இரண்டு அங்குலமாகத் தடிக்கவைத்தார்கள், சும்மா தடிக்கவைக்கவில்லை. ஆகவே எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 5500 சுற்றுக்கு மேல் சுழற்றவேண்டாம். 20டபிள்யூ-50 மினரல் எண்ணெய் போதும். புதுக் காருக்கென்று வரும் மெல்லிய சின்தெட்டிக் எண்ணெய் வேண்டாம். அவற்றில் சிங்க் சேர்மானம் குறைவு, தட்டை டப்பெட் உள்ள பழைய எஞ்சினில் கேம் தேயும்.

அப்புறம் காபரேட்டர் பக்கம் கை போகக் கூடாது. எல்லோரும் அங்கேதான் போகிறார்கள், நட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது அல்லவா! வால்வும் நெருப்பும் சரியில்லாமல் காபரேட்டரைத் திருகுவது, கொழுந்தை வாட்டாமல் ரோலரில் போடுகிற கதை. பெக்டரியில் இருக்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

கம்ப்ரஷன் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கவேண்டும், நாலு பிளக்கும் கழன்றிருக்கவேண்டும், அக்சிலேட்டர் முழுதாக மிதித்திருக்கவேண்டும். தலவாக்கலையில் புத்தகத்தில் உள்ள எண் வராது, அதைப் பார்த்துப் பயந்து ரிங் மாற்றப் போகாதீர்கள். வெளிக் காற்றே மெலிவு என்றால் உள்ளே அமுக்குவதும் குறைவாகத்தான் இருக்கும். நாலு எண்ணும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

டப்பெட் இடைவெளி 12 தவ், அதாவது 0.012 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. ஒன்பதுக் கணக்கு தெரியுமா? எட்டு வால்வையும் முன்னாலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிபண்ணவேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். எஞ்சினைக் கையால் சுற்றிக்கொண்டே போனால் எட்டும் முடிந்துவிடும். ராக்கரின் நுனி தேய்ந்து குழி விழுந்திருந்தால் பீலர் கேஜ் பொய் சொல்லும். குழியின் மேல் கேஜ் பாலம் போட்டு நிற்கும், இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். மைனர் எஞ்சினும் இதே குடும்பம், ராக்கர் பகுதிகள் தேடினால் கிடைக்கும்.

எக்ஸோஸ்ட் வால்வ் இடைவெளிகளை மட்டும் ஒரு கொப்பியில் தனியாக எழுதிவையுங்கள். இந்த நாட்டில் 2002இலிருந்து ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. ஈயம் வால்வ் சீட்டுக்கு ஒரு மெத்தை போட்டுவந்தது. அது இல்லாமல் பழைய வார்ப்பிரும்பு சீட் மெல்ல மெல்லக் குழியும், வால்வ் ஹெட்டுக்குள் அமுங்கும், இடைவெளி சுருங்கும். ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டே போனால் ஹெட்டைக் கழற்றி கடினமான சீட் வளையம் போடவேண்டிய காலம் வந்துவிட்டது. சுருங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நல்ல ஹெட்டைச் சும்மா கழற்றாதீர்கள்.

இனி நெருப்பு. டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்டின் இடைவெளி 15 தவ், பிளக் 25 தவ். டைமிங் 5 டிகிரி முன்னுக்கு என்பது புத்தகக் கணக்கு. டைமிங் கவரில் மூன்று பல் இருக்கும்: நீளமானது உச்சி, மற்றவை 5, 10. கீழே இருப்பதால் படுத்துத்தான் பார்க்கவேண்டும், கையோடு ஒரு வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோப் விளக்கு தேவையில்லை. டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வயரிலிருந்து பாடிக்கு ஒரு 12 வோல்ட் சின்ன பல்பைக் கட்டி, சாவியைப் போட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பல்ப் பற்றும் கணம்தான் பொயின்ட் திறக்கும் கணம். டிஸ்ரிபியூட்டர் பக்கத்தில் விரலால் சுற்றும் ஒரு சின்னத் திருகி இருக்கும். ‘ஏ’ என்று பொறித்த பக்கம் முன்னுக்கு, ‘ஆர்’ பக்கம் பின்னுக்கு. மலையில் அடர்த்தி குறைந்த கலவை மெதுவாக எரியும், அதனால் நான் இங்கே இரண்டு டிகிரி கூட்டி வைப்பேன். கொழும்புக்கு இறங்கும்போது அந்த இரண்டையும் திருப்பிவிட வேண்டும்.

கொயிலையும் பாருங்கள். பொசிட்டிவ் ஏர்த் வண்டியில் கொயிலின் பிளஸ் முனை டிஸ்ரிபியூட்டர் பக்கம் இருக்கவேண்டும். பாடி வேலைக்குக் கழற்றிய வண்டிகளில் இதை மாற்றி மாட்டிவிடுவது உண்டு. வண்டி ஓடும், ஆனால் பொறி பலவீனம். நாள் முழுக்க ஓடினாலும் தெரியாது, மூட்டக் காலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

மூட்டம் என்றதும் இதையும் சொல்கிறேன். நம் பக்கத்துப் பனிமூட்டம் மழையைவிட மோசம், மூடிய போனட்டுக்குள்ளும் ஈரம் போய்ப் படியும். டிஸ்ரிபியூட்டர் மூடியை உள்ளே துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிர் போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த வழியாகப் பொறி ஒழுகுகிறது, மூடியை எறிந்துவிடுங்கள். இரவில் விளக்கில்லாமல் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் பழைய வயர்களில் நீலப் பொறி ஓடுவதே தெரியும். இப்போது விற்கும் ரோட்டர் ஆர்ம்கள் பலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் உள்ளே நீண்டு இருக்கிறது, பொறி அதன் வழியே தண்டுக்குப் பாய்ந்து எஞ்சின் திடீரென்று செத்துப்போகும். ரிவெட் இல்லாமல் வார்த்ததைத் தேடி வாங்குங்கள். பழைய ரோட்டரும் பழைய கண்டென்சரும் வேலை செய்தால், புதுப் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு அவற்றை மாற்றவேண்டாம்.

இவ்வளவும் முடிந்தால் காபரேட்டர். முதலில் முன் காபரேட்டருக்குக் கீழே குனிந்து, ஒரு ஆளைச் சோக்கை இழுத்து விடச் சொல்லுங்கள். எஸ்.யூ.வில் சோக் என்றால் காற்றை அடைப்பது கிடையாது, ஜெட்டையே கீழே இழுப்பதுதான். விட்டதும் ஜெட் மேலே போய் நட்டில் முட்டவேண்டும். முன் ஜெட் பாதியில் நிற்கிறது என்பது என் சந்தேகம். கேபிள் இறுக்கமாக இருக்கலாம், இணைப்புக் கம்பி வளைந்திருக்கலாம், ஜெட் குழாயில் பழைய பெற்றோல் பசை பிடித்திருக்கலாம். அது சரியாக இருந்தால் புளோட் மூடியைக் கழற்றி நீடில் வால்வைப் பாருங்கள். கூம்பில் ஒரு வளையம் தேய்ந்து தெரிந்தால் மாற்றுங்கள். மைனர் 1098க்கும் எச்.எஸ்.2தான், கொழும்பு பஞ்சிகாவத்தையில் கேட்டால் கிடைக்கும்.

பிறகு இரண்டு காபரேட்டரிலும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’ என்று உலோகச் சத்தத்தோடு விழவேண்டும். மெத்தென்று விழுந்தால் நீடில் ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை நடுப்படுத்த வேண்டும். மேல் மூடியைத் திறந்து டாஷ்பொட்டில் எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். வற்றிப்போனால், சடுதியாக அக்சிலேட்டரை மிதிக்கும்போது வண்டி விக்கும்.

ஜெட் நட்டை முழுதாக மேலே ஏற்றி, இரண்டு சுற்று கீழே இறக்குங்கள். நட்டுக்கு ஆறு பட்டை, ஆகவே பன்னிரண்டு பட்டை. இரண்டு காபரேட்டரிலும் ஒரே எண்ணிக்கை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நடுவிலுள்ள திரொட்டில் கம்பியின் பிடியைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை ஒவ்வொரு காபரேட்டர் வாயிலும் வையுங்கள். இரண்டிலும் ‘உஸ்’ ஒரே சுருதியில் வரும்வரை ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். இப்போது பிஸ்டன் தூக்கும் ஊசியை மெல்ல அழுத்தி, பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். உடனே விழுந்து எஞ்சின் சாகப் பார்த்தால் லீன், அதாவது பெற்றோல் போதாது. லேசாகக் கூடி, பிறகு பழைய இடத்துக்கு வந்தால் சரி. நட்டை மேலே ஏற்றினால் லீன், கீழே இறக்கினால் ரிச். ஒரு நேரத்தில் ஒரு பட்டைக்கு மேல் திருகவேண்டாம். திருகியதும் அக்சிலேட்டரை ஒரு தரம் மிதித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். நம் உயரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பட்டை ஏற்றும்படி வரும். நாலைந்து ஏற்றியும் ரிச் போகவில்லை என்றால் நீடிலும் ஜெட்டும் தேய்ந்துவிட்டன.

எந்த உயரத்துக்கு டியூன் பண்ணுவது என்று கேட்பீர்கள். எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கே. உங்களுக்குத் தலவாக்கலை. நுவரெலியாவுக்கு ஏறினால் கொஞ்சம் ரிச், பரவாயில்லை. கொழும்புக்கு இறங்குவது என்றால் மறக்காமல் அந்தப் பட்டைகளைத் திருப்பி இறக்குங்கள். ரிச்சானால் பிளக் போகும், லீனானால் வால்வ் போகும். 92 பெற்றோல் இங்கே மேலே போதும், காற்று மெலிவாக இருப்பதால் எஞ்சின் இடிக்காது. கீழே சமவெளியில் வெயிலில் ஓடும்போது 95 அடியுங்கள், உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் ஒன்பதுக்குக் கிட்ட.

சாவியை எடுத்தும் குலுங்குவதைத் தனியாக வைத்தியம் பார்க்கவேண்டாம். உள்ளே கரி படிந்து சிவந்திருக்கும், ஐட்லிங்கையும் கூட்டி வைத்திருப்பார்கள். கலவை சரியானால் கரி தானாக எரிந்து குறையும்.

நீலப் புகைக்கும் கறுப்புப் புகைக்கும் உறவில்லை. றம்பொடை இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரில் இறங்கும்போது மெனிபோல்டில் உறிஞ்சல் பயங்கரமாக இருக்கும். தேய்ந்த வால்வ் கைட் வழியாக எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். கீழே வந்து மிதித்ததும் அது எரிகிறது. ஏற்றத்தில் தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங். உங்களுக்கு இறக்கத்துக்குப் பிறகு மட்டும் என்பதால் கைட். எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள், புகைக்குப் பயந்து நியூட்ரலில் மட்டும் இறங்காதீர்கள்.

கம்பளைத் தம்பிக்கு: சன்னி எஞ்சின் நல்ல எஞ்சின், நானே மைனர்களுக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். தினம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றும் மைனருக்கு அது சரி. மிட்ஜெட்டை வாங்குகிறவன் அந்தச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறான்.

கம்பளை மச்சான்

பாஸ் சொன்னால் சரி. ஆனால் றம்பொடை வளைவில் நிற்கிற மிட்ஜெட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறவன் நான்தான், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை_மிட்ஜெட்

பாஸ் ஐயா, கும்பிடுகிறேன். பிரிண்ட் எடுத்து ஷெட்டில் ஒட்டியாகிவிட்டது.

எண்ணெயில் பெற்றோல் வாசம் அடித்தது, மாற்றிவிட்டேன். பம்ப் டயபிரம் நன்றாகத்தான் இருக்கிறது. எஞ்சின் நம்பர் 10சிஜிதான். கம்ப்ரஷன் 145, 140, 140, 145. டப்பெட்டில் இரண்டு எக்ஸோஸ்ட் மட்டும் 9 தவ் இருந்தது, மற்றவை 12ஐ ஒட்டியே இருந்தன. கொயில் நீங்கள் சொன்னபடியே மாறித்தான் மாட்டியிருந்தது!

முன் ஜெட் விஷயம்: சோக்கை விட்டாலும் ஜெட் மேலே வரவில்லை, விரலால் தள்ளினால்தான் போய் முட்டியது. கேபிளின் வெளி உறை ஒரு வளைவில் நசுங்கியிருந்தது. புது உறை போட்டு, ஜெட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கடைசியில் இரண்டு காபரேட்டரும் பத்துப் பட்டையில் நிற்கின்றன. ஹட்டன் வரை போய்வந்தேன், மல்லியப்பு ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்கியது. நாலு பிளக்கும் இப்போது ஏறக்குறைய ஒரே கபில நிறம். சாவியை எடுத்ததும் நிற்கிறது.

மூன்று கேள்வி மிச்சம். நீண்ட ஏற்றம் ஏறி ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, அரை மணி விட்டால் எடுக்கிறது. ரேடியேட்டருக்குப் பீலித் தண்ணீர் (மலை ஊற்றுத் தண்ணீர்) ஊற்றலாமா? பொயின்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரோனிக் இக்னிஷன் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

பேராதனை_மெக்

முதல் இரண்டுக்கும் நான் சொல்கிறேன். அந்த எஞ்சினில் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் காபரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது. ஓடும்போது காற்றும் புதுப் பெற்றோலும் குளிரவைக்கும். நிறுத்தியதும் சூடு மேலே ஏறி, புளோட் கிண்ணத்தில் உள்ள பெற்றோல் கொதித்து மெனிபோல்டுக்குள் வழிகிறது. உயரத்தில் எந்தத் திரவமும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், அதனால் நமக்கு இந்தத் தொல்லை கூடுதல். காபரேட்டருக்கும் மெனிபோல்டுக்கும் நடுவில் தகட்டுக் கவசம் இருக்கிறதா பாருங்கள், பாடி வேலையின்போது தொலைந்திருக்கலாம். சூட்டில் ஸ்டார்ட் பண்ணும்போது சோக்கைத் தொடாமல், அக்சிலேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள், விட்டு விட்டு மிதிக்காமல்.

தண்ணீரும் அதே கதை. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை அளவில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது, ஆகவே மூடியின் ரப்பர் நன்றாக இருக்கவேண்டும். பீலித் தண்ணீர் வழியில் அவசரத்துக்குச் சரி. நிரந்தரத்துக்கு வடித்த நீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. உறைவதைத் தடுக்க என்பதைவிட, உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கத்தான்.

ஹப்புத்தளை பாஸ்

பிள்ளை சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கவசத்தில் பழைய அஸ்பெஸ்டஸ் ஒட்டியிருந்தால் சுரண்டவேண்டாம், வேறு செய்து மாட்டுங்கள்.

எலக்ட்ரோனிக் இக்னிஷன் போடலாம், மூட்டத்துக்கு நல்லது, பொயின்ட் தேய்மானமும் இல்லை. ஆனால் பொசிட்டிவ் ஏர்த்துக்கென்று செய்ததைக் கேட்டு வாங்கவேண்டும். சாதாரணமாக விற்பது நெகட்டிவ் ஏர்த்துக்கு, மாட்டிய கணமே எரிந்துவிடும். போட்டாலும் கழற்றிய பொயின்டையும் கண்டென்சரையும் ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். பட்டிப்பொலையில் இருட்டில் மொடியூல் செத்தால் யாராலும் திருத்தமுடியாது, பொயின்டை ஒரு தீப்பெட்டிப் பக்கத்தில் தேய்த்தே ஓட்டிக்கொண்டு வரலாம்.

அந்த 9 தவ் இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 12க்கு வைத்துவிட்டீர்கள்தானே, சரி. மறுபடி திறந்து பார்க்கும்போது அவை இரண்டு மட்டும் சுருங்கியிருந்தால் சீட் போகிறது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றும்போது கைட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், நீலப் புகையும் தீரும். அதுவரை மேல் வேகம் வேண்டாம், சீட் குழிவது நீண்டநேரம் அதிவேகத்தில் ஓடும்போதுதான்.

ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்கு மஹாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி பார்க்க வண்டியோடு வாருங்கள். 1934இலிருந்து நடக்கிற போட்டி, எங்கள் அப்பா தோட்டத்தில் பிட்டராக இருந்த காலத்தில் துரைமாருடைய எம்.ஜி.க்களைப் பார்க்கவே லொறியேறிப் போவாராம். பார்க்கத்தான் சொல்கிறேன், தம்பி. 10சிஜி கிராங்கை வைத்துக்கொண்டு ஓட்டப் போகவேண்டாம்.

தலவாக்கலை_மிட்ஜெட்

வருகிறேன் ஐயா. கவசம் இல்லவே இல்லை, இப்போதுதான் குனிந்து பார்த்தேன். இரண்டு போல்ட் ஓட்டை மட்டும் இருக்கிறது. பெக்டரி வேர்க்‌ஷொப்பில் அலுமினியத் தகடு இருக்கிறது, எத்தனை தடிப்பில் வெட்டுவது?

ஹப்புத்தளை பாஸ்

ஒன்றரை மில்லிமீற்றர் போதும். முதலில் கார்ட்போர்ட்டில் வெட்டி அளவு பாருங்கள், திரொட்டில் கம்பி எங்கும் உரசக் கூடாது. கவசத்துக்கு இரண்டு பக்கமும் புதுக் கேஸ்கட் போடுங்கள், பழையதை விட்டால் காற்று ஒழுகி ஐட்லிங் மறுபடி ஆடும்.